காலகூடனின் கை

தண்ணீர் கொதிக்கக் கூடாது. கொதித்தால் பிளாஸ்டிக் நெளிந்துவிடும். சூடு போதாவிட்டால் மூட்டு கழன்று வராது, முறிந்துதான் வரும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம் உண்டு. லியோனார்ட் அந்தப் பதத்தைப் பாத்திரத்துக்குள் விரலை விட்டுப் பார்த்துத்தான் சொல்வார்.

"டாடி, தெர்மாமீட்டர் தரட்டா?" என்றாள் மெர்லின்.

"இன்னாத்துக்கு? எனக்குச் சுட்டா அவனுக்குப் போதும்."

ஞாயிற்றுக்கிழமை காலை. அவர் முதல் பூசை முடிந்து வந்து, வெள்ளைச் சட்டையோடு அடுப்படியில் நின்றிருந்தார். அவள் மணலியில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் கருவி டெக்னீஷியன். அழுத்தமானி, வெப்பமானி, வால்வு எல்லாம் சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. இரவு ஷிப்டு முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். கனத்த ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

பாத்திரத்துக்குள் தலைகீழாகக் கிடந்தான் காலகூடன். ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே உயரம், கறுப்புக் கவசம், செம்புச் செதில், நெற்றியில் இரண்டு கொம்பு. சினிமா வில்லன்.

"கால கெட்டியா புடி. நான் இழுக்கறப்ப ஆட்டாத."

அவள் கால்களைப் பிடித்துக்கொண்டாள். அவர் தோளைத் திருகி இழுத்தார். 'டப்' என்று கை கழன்று வந்தது. பழுதில்லாத கை. அதைத் துண்டில் துடைத்து, காலி மாத்திரைக் கவரில் போட்டு மடித்து, பிரிட்ஜ் மேல் வைத்தார்.

"நல்லா இருந்தத ஏன் டாடி பிரிச்சே?"

"அடுத்த வாரம் ஒருத்தருக்குக் குடுக்கணும். நீ போய்ப் படு. கண்ணு செவந்து கீது."

அவள் போய்ப் படுத்தாள்.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு மதிய ஷிப்டு. அவர் மீன் குழம்பு வைத்திருந்தார். அவள் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினாள். அதன் பிறகு அவரும் சாப்பிட்டு, டிவி முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். சத்தம் அதிகமாக இருக்கிறதே என்று சொல்ல வந்த பக்கத்து வீட்டு ரோசி ஆன்ட்டிதான் முதலில் பார்த்தாள். தொழிற்சாலைக்குள் செல்போனுக்கு அனுமதியில்லை. மெர்லினின் போன் வாசலோர லாக்கரில் அடித்து அடித்து ஓய்ந்தது. ஆன்ட்டி கம்பெனி நம்பரைத் தேடிப் பிடித்துச் செய்தி சொல்லி, மெர்லின் வெளியே வருவதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. மறுநாள் காசிமேட்டுக் கல்லறையில், அம்மாவுக்குப் பக்கத்தில், அவரை வைத்தார்கள்.

லியோனார்ட் துறைமுகத்தில் சிக்னல்காரர். கிரேன் ஓட்டுகிறவர் உச்சியில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பார். கப்பலின் வயிறு அவருக்குத் தெரியாது. சரக்கறை வாயின் விளிம்பில் நிற்கிற சிக்னல்காரர்தான் அவருக்குக் கண். தூக்கு, இறக்கு, மெல்ல, இன்னும் மெல்ல, நிறுத்து எல்லாமே கையால்தான். வாயால் சொன்னால் கடற்காற்று தின்றுவிடும். முப்பது வருடத்துக்கும் மேலாகக் கையாலேயே பேசிய மனிதர் வீட்டிலும் அப்படித்தான் இருந்தார். உள்ளங்கையைக் கீழே காட்டி இரண்டு அசைத்தால் டிவியைக் குறை. விரல்களை மடக்கிக் காட்டினால் போதும், சோறு வைக்காதே. அம்மா இருந்தவரை அவள் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினாள். அவள் போன பிறகு வீட்டில் பேச்சு குறைந்துபோனது. சண்டையெல்லாம் இல்லை. பேச வேண்டியது அதிகம் இல்லை, அவ்வளவுதான்.

துறைமுகத்துக்கு வாக்கி டாக்கி வந்தது. அவருக்கு ஓய்வு வந்தது. காலகூடன் அதற்கும் பிறகு வந்தவன்.

'இடிமகன்' என்று மூன்று பாகப் படம். முதல் இரண்டிலும் காலகூடன் முகமே காட்டவில்லை. ஒரு நிழல், ஒரு குரல், கடைசி நிமிடத்தில் ஒரு சிரிப்பு. அதற்கே ஊர் கிறுகிறுத்துப்போனது. மூன்றாம் பாகம் வருமுன்பே டோல்கேட்டில் வில்லனுக்கு பேனர் வைத்தார்கள். கதாநாயகனின் பேனரைவிட அது ஒரு முழம் உயரம். பொம்மைக் கம்பெனியும் அவனை நம்பி இறங்கியது. கதாநாயகன் பொம்மைக்குக் கழுத்தும் தோளும்தான் திரும்பும். காலகூடனுக்கோ தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல்வரைக்கும் மூட்டு. ஆட்கள் முன்பதிவு செய்து வாங்கினார்கள்.

படம் வந்தது. காலகூடன் இடைவேளைக்குப் பிறகு வந்தான். சின்ன வயதில் தன்னை யாரும் கொஞ்சவில்லை என்று அழுதான். கதாநாயகன் அவன் உயிரை ஒளித்துவைத்திருந்த சங்கை உடைத்தான். காலகூடன் ஊதுவத்தி அணைந்த மாதிரி புகைந்துபோனான். அன்று சாயங்காலமே டோல்கேட்டில் பேனரைக் கிழித்தார்கள். பொம்மைகளைப் பெட்டிகூடப் பிரிக்காமல் தள்ளிவிட்டார்கள். யாருக்கும் வேண்டாத அந்த ஆளைத்தான் லியோனார்ட் சேர்க்க ஆரம்பித்தார்.

ராயபுரத்து வீட்டின் கண்ணாடி அலமாரியில் மாதா சொரூபத்துக்குக் கீழ்த்தட்டு முழுக்கக் காலகூடன்கள். எல்லாம் ஒரே முகம், ஒரே கோபம். கை மட்டும் ஒன்றுக்கொன்று வேறு. ஒருவன் ஆட்காட்டி விரலை மேலே தூக்கிச் சுற்றுகிறான்: தூக்கு. ஒருவன் உள்ளங்கையை விரித்து நிற்கிறான்: நிறுத்து. கவசம் போட்ட ராட்சதர்கள் கப்பலில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒருவனுக்கு மட்டும் ஒரு கை இல்லை.

அடக்கத்துக்குத் துறைமுகத்து ஆட்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். கிரேன் ஓட்டிய பிரகாஷ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கப்பன் கைய பாத்துதாம்மா நான் ஓட்டுனேன். ஒரு நாள் அவன் லீவு போட்டா எனக்குக் கண்ணு தெரியாது" என்று அழுதார். அழுது முடித்தபின் மெர்லின் கேட்டாள், "அங்கிள், டாடி யாருக்காவது பொம்மை தரேன்னு சொன்னாரா?"

"பொம்மையா?" பிரகாஷுக்கு நினைவு வந்தது. "ஆமா, ஒரு நாள் டீக்கடைல 'ஃபிகர் சேக்கறேன்'னான். இந்த வயசுல உனக்கு இது தேவையா மாமுன்னு நாங்கல்லாம் ஓட்டித் தள்ளிட்டோம். அப்பால அவன் அந்தப் பேச்சே எடுக்கல."

வந்தவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. லியோனார்டின் போனில் தேடலாம் என்றால் அவர் எந்த நம்பரையும் பதிந்து வைக்கிறவர் இல்லை. எல்லாம் மனப்பாடம். அழைப்பு விவரத்தில் வெறும் எண்கள் சில இருந்தன. அவள் தன் போனிலிருந்து அழைத்துப் பார்த்தாள். ஒன்று கேஸ் ஏஜென்சி, ஒன்று கண் ஆஸ்பத்திரி, ஒன்றை யாரும் எடுக்கவேயில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் ரோசி ஆன்ட்டி அலமாரியைப் பார்த்துச் சொன்னாள்: "இதெல்லாம் எடுத்துப் போட்ருமா. மாதாவுக்குக் கீழ கொம்பு வெச்ச பேய்ங்க. உங்கப்பாகிட்ட சொன்னா, 'ரோசி, அவங்க டூட்டில கீறாங்க, தொந்தரவு பண்ணாத'ம்பாரு."

"இருக்கட்டும் ஆன்ட்டி."

"நீ இத்த வெச்சிகினு இன்னா பண்ணப் போற?"

மெர்லினுக்கு அலமாரியைப் பற்றி ஒன்றும் தோன்றவில்லை. பிரிட்ஜ் மேலிருந்த மாத்திரைக் கவரைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அவள் ஷிப்டுக்குப் போனாள், வந்தாள், தூங்கினாள். அந்த நேரமெல்லாம் அவர் யாரோடு இருந்தார் என்று அவளுக்குத் தெரியாது. ஒருவேளை யாரோடும் இல்லாமல் இருந்திருக்கலாம். அந்த நினைப்பு வரும்போதெல்லாம் அவள் எழுந்துபோய்ப் பிரிட்ஜ் மேல் பார்ப்பாள். 'ஒருத்தருக்கு' என்று சொன்னாரே. கைக்கு ஒரு ஆள் இருந்தால் அவருக்கும் ஒரு ஆள் இருந்திருக்கிறார். அந்த ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும்.

கவரைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். வேலைக்கும் அது கூடவே போனது. தொழிற்சாலை வாசலில் பையைச் சோதிக்கிற ரவிக்குமார் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"இன்னா மேடம் இது, கை?"

"கைதான்."

"யாருது?"

"அதான் தெரியல."

ரவிக்குமார் அவள் முகத்தைப் பார்த்தார். வேறொரு நாளாக இருந்தால் ஏதாவது நக்கல் அடித்திருப்பார். கவரை மடித்துப் பைக்குள்ளேயே வைத்து, "உள்ள போங்க" என்றார்.

அப்பாவின் கட்டிலுக்கடியில் காலி அட்டைப் பெட்டிகள் கிடந்தன. அவற்றை மூடிய பிளாஸ்டிக் பையில் மண்ணடிக் கடை ஒன்றின் பெயர் அச்சாகியிருந்தது. வார ஓய்வு நாளில் அவள் அங்கே போனாள். சந்துக்குள் ஒடுங்கிய கடை. செல்போன் உறை, கடிகார பேட்டரி, பிறந்தநாள் பலூன், நடுவில் பொம்மைகள். கல்லாவில் ஹஃப்சா என்ற பெண்மணி உட்கார்ந்திருந்தார். மெர்லின் போனில் இருந்த அப்பாவின் படத்தைக் காட்டியதுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"வெள்ளச் சட்டப் பெரியவரு. நல்லா இருக்காரா? ஆளையே காணோமே?"

மெர்லின் சொன்னாள். ஹஃப்சா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்கம்மா. அவரு இங்க வந்தது கடிகாரத்துக்கு செல்லு வாங்கத்தான். படம் ரிலீசான மறுநாளு. கட வாசல்ல ஒரே கூட்டம். எல்லாரும் காலகூடனத் தூக்கினு வந்துட்டாங்க. மாத்திக் குடு, மாத்திக் குடுன்னு. நான் இன்னா பண்ணுவேன்? படம் நானா எடுத்தேன்? அதுல ஒருத்தரு, ட்ரெய்லர் லாரி ஓட்றவரு, அவரு கொண்டாந்த பொம்மைக்கு ஒரு கையே இல்ல. கோவத்துல சொவத்துல அடிச்சிருக்காரு. அதையும் மாத்திக் குடுங்கறாரு! முடியாதுன்னேன். குப்பைக்கூடைல போட்டாரு."

"அப்புறம்?"

"உங்கப்பா பேசாம போயி அத்தக் குப்பைலேந்து எடுத்தாரு. மிச்சம் இருந்த கையைத் தூக்கி, மடக்கி, மணிக்கட்டத் திருப்பிப் பாத்தாரு. கொஞ்சம்கூட அவசரமே இல்ல. கூட்டமே அவரப் பாக்குது. 'ஆளு நல்லாத்தான் கீறான். வேல குடுக்கல, அவ்ளோதான்'னாரு."

ஹஃப்சா சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார்.

"அந்த ட்ரெய்லர்காரரு ஒரு நிமிசம் நின்னாரு. 'குடு நைனா'ன்னு பொம்மையத் திருப்பி வாங்கிக்கினாரு. ரெண்டு பேரும் டீக்கடப் பக்கம் நடந்தாங்க. செல்லு வாங்கவே மறந்துட்டாரு உங்கப்பா. மறுவாரம் வந்து, யாருக்கும் வேணாம்னு வுட்டுப் போனதெல்லாம் எனக்குக் குடுங்கன்னாரு. அதுலேந்து வந்துகினே இருந்தாரு. 'பெரியவரே, படம் புடிச்சிருந்துச்சா?'ன்னு ஒரு தடவ கேட்டேன். 'நான் பாக்கலம்மா'ன்றாரு!"

மெர்லின் கவரை எடுத்துக் கல்லாமேல் வைத்தாள். ஹஃப்சா அதைத் தொடாமல் பார்த்தார்.

"அந்த ட்ரெய்லர்காரரு பேரு தெரியுமாக்கா?"

"பேரு தெரியாது. எர்ணாவூர் குடியிருப்பு. காலகூடன் வசனத்த முழுசா ஒப்பிப்பாரு. எங்க கடைலயே ஒருவாட்டி ஒப்பிச்சிருக்காரு. அங்க போயி அப்படிக் கேளுங்க, கை காட்டுவாங்க."

அடுத்து அவளுக்குக் கிடைத்த ஞாயிற்றுக்கிழமை டோல்கேட்டில் பேருந்து மாறி எர்ணாவூர் போனாள். வழியெல்லாம் கன்டெய்னர் வண்டிகள் துறைமுகத்தைப் பார்த்து வரிசையில் நின்றன. ஓட்டுநர்கள் சக்கரத்து நிழலில் அடுப்பு வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். இதே பேருந்தில் இதே ஜன்னலோரம் அப்பா உட்கார்ந்து வந்திருக்கலாம் என்று நினைத்தாள். உடனே, நிச்சயமில்லை என்றும் நினைத்தாள். வேறு யாருக்காகவாவதுகூட இருக்கலாம் அந்தக் கை.

குடியிருப்பில் ஒன்றுபோல அடுக்குக் கட்டடங்கள். குழாயடியில் நின்ற பெண்ணிடம் ட்ரெய்லர் ஓட்டுகிறவர் என்று கேட்டாள்.

"இங்க பாதிப் பேரு ட்ரெய்லர்தாம்மா. யாரு?"

மெர்லின் தயங்கினாள். "காலகூடன்..."

அந்தப் பெண் குடத்தைக் கீழே வைத்துவிட்டு மேலே பார்த்துக் கத்தினாள்: "யக்கா ராஜாத்தி! உன் வூட்டுக்காரர் ரசிகை ஒண்ணு வந்து கீது!"

மூன்றாவது மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. "ரசிகையா? மேல அனுப்பு, அந்த மூஞ்ச நான் பாக்கணும்."

கதவைத் திறந்தவள் ராஜாத்தி. கையில் மாவு. உள்ளே லுங்கியும் பனியனுமாக ஒருவர் எழுந்து, அவசரமாகச் சட்டையைத் தேடினார். அவர்தான் அன்பரசன். மெர்லின் போன் படத்தைக் காட்டினாள்.

"தோ, நம்ம நைனா!" என்றார் அன்பரசன். முகம் முழுக்கச் சிரிப்பு. "நீங்க அவரு பொண்ணா? ஷிப்டு போற பொண்ணு? இன்னாங்க, ஆளு எங்க? போன் பண்ணா சுவிட்ச் ஆஃப் வருது."

"வட கருகிப்போச்சு, அதான் கோச்சிக்கினாருன்னு இவரு என்னத் திட்டினு கீறாரு" என்றாள் ராஜாத்தி. "போன தடவ வந்தப்ப கொஞ்சம் தீஞ்சிடுச்சு. அவரு பேசாம சாப்ட்டாரு. இவருதான் கத்துனாரு."

மெர்லின் வாசற்படியிலேயே நின்று சொன்னாள். பல தடவை சொல்லிச் சொல்லி அது இப்போது அவளுக்கு இரண்டே வாக்கியமாகிவிட்டிருந்தது.

அன்பரசன் தேடி எடுத்த சட்டையைப் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ராஜாத்தி மாவுக்கையைப் புடவையில் துடைத்துவிட்டு அவளை உள்ளே இழுத்தாள். வெளியே குழந்தைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். உள்ளே மின்விசிறிச் சத்தம்.

"பேரு இன்னா அவருக்கு?" என்று கடைசியில் கேட்டார் அன்பரசன்.

"லியோனார்ட்."

"லியோனார்ட்..." மெல்லச் சொல்லிப் பார்த்தார். "நான் கேட்டுக்கவே இல்ல. நைனா, நைனான்னே இருந்துட்டேன். எழவு சேதி எப்படி வரும் எனக்கு?"

"அவரு இங்க வந்து இன்னா பேசுவாரு?" மெர்லின் கேட்டாள். அவள் வந்ததே இதற்குத்தான்.

"அவரு எங்கங்க பேசுவாரு? நாந்தான் பேசுவேன். படத்தத் திட்டுவேன், கம்பெனிக்காரனத் திட்டுவேன். மொதல் ரெண்டு பாகமும் நான் ஹார்பர் லைன்ல வண்டி நிக்கறப்ப செல்லுல பாத்தது. ஒவ்வொண்ணையும் பத்துவாட்டி. 'கரை கடலுக்குத்தான், எனக்கில்லை'ன்னு அவன் சொல்லும்போது புல்லரிக்கும் எனக்கு. அவனப் போயி அழவெச்சி அனுப்பிட்டானுங்க. நைனா எல்லாத்தையும் கேட்டுக்குவாரு. ரெண்டு வார்த்த சொல்லுவாரு. அந்தப் படியில குந்திகினு இருப்பாரு. ரோட்டுல போற கிரேன் வண்டியப் பாத்துகினு இருப்பாரு."

"எனக்கு மட்டும் ஒரு நாளு கை காட்டிச் சொல்லிக் குடுத்தாரு" என்றாள் ராஜாத்தி. "தூக்கு, எறக்கு. அதுலேந்து இவரு சத்தம் போட்டா நான் இப்படிக் காட்டுவேன்." உள்ளங்கையைக் கீழே காட்டி இரண்டு அசைத்தாள். மெர்லின் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஞாயித்துக்கெழம பூசை முடிச்சி வருவாரு, ஒரு மணிக்கு எழுந்துடுவாரு" என்றார் அன்பரசன். "சோறு துன்னுட்டுப் போ நைனான்னா கேக்க மாட்டாரு. 'பொண்ணு ரெண்டு மணிக்கு ஷிப்டு வுட்டு வரும், குழம்பு சூடு பண்ணணும்'னுட்டுக் கெளம்பிடுவாரு. ஒரு நாள்கூட இருந்ததில்ல."

காலை ஷிப்டு ஞாயிறுகளில் அவள் வீட்டுக்குள் நுழையும்போது குழம்பு சூடாகத்தான் இருந்தது. அவர் டிவி பார்த்துக்கொண்டிருப்பார். காலையிலிருந்து அங்கேயே உட்கார்ந்திருக்கிறார் என்று அவள் நினைத்திருந்தாள்.

அவள் பையிலிருந்து கவரை எடுத்தாள். "இது உங்களுக்குத்தான்னு நினைக்கிறேன்."

அன்பரசன் அதைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். டிவி மேலிருந்து ஒரு காலகூடனை எடுத்தார். தோளில் ஓட்டை. அதில் பஞ்சு அடைத்து வைத்திருந்தார்.

"கல்யாண நாளுக்கு நான் வாங்கிக் குடுத்தது" என்றாள் ராஜாத்தி. "சொவத்துல அடிச்சிட்டு, மறுநாளு கண்ணு கலங்கினு நிக்கறாரு. கை கட்டில் அடில போச்சோ, பெருக்கி வாரிட்டேனோ, கெடைக்கல. நைனாதான் வேற கை கொண்டாரேன்னாரு."

அன்பரசன் பஞ்சை எடுத்துவிட்டுக் கையைத் தோளில் பொருத்தினார். கை சரியாக உட்காரவில்லை. திருப்பிப் பார்த்தார். முழங்கை முதுகுப்பக்கம் மடங்கியது. கட்டைவிரல் வெளிப்பக்கம் நின்றது.

"இது வலது கை" என்றாள் மெர்லின். அவள் கண் முதலிலேயே கண்டுவிட்டது. வாய்தான் நேரமெடுத்தது.

"லெஃப்டுதாங்க சொன்னேன் நான். போன்ல தெளிவா, லெஃப்டு கை நைனான்னேன். லெஃப்டு, சரின்னாரு."

மெர்லினுக்குப் புரிந்தது. சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. ராஜாத்தி பயந்துபோய்த் தண்ணீர் எடுக்க ஓடினாள்.

"ஒண்ணுமில்லக்கா. அவரு அப்படித்தான்." கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "சிக்னல்காரர் எப்பவும் கிரேனப் பாத்து நிப்பாரு. இடம் வலம் எல்லாம் கிரேன்காரருக்குத்தான். அவரோட இடதுபக்கம் போகச் சொல்லணும்னா இவரு தூக்கறது தன்னோட வலது கைய. அதனால இவருக்கு வலது கைதான் லெஃப்டு கை. கண் ஆஸ்பத்திரில டாக்டர் இடது கண்ண மூடுங்கன்னா, டாக்டர எதிர்ல பாத்துகினு வலது கண்ண மூடுவாரு. நான் கூட நின்னு மாத்தி மாத்திச் சொல்லணும். ஆளுக்கே அப்படின்னா பொம்மைக்குக் கேக்கணுமா? அது அவருக்கு எதிர்ல பாத்து நிக்கற சிக்னல்காரன்."

அன்பரசன் கையையும் பொம்மையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார். மூன்று பேரும் சிரித்தார்கள். முதலில் நிறுத்தியது ராஜாத்தி. அதன் பிறகு மின்விசிறிச் சத்தம் மறுபடி கேட்டது.

"பரவால்லங்க" என்றார் அன்பரசன். "ஒத்தக் கையோடவே இருக்கட்டும். நைனா மெனக்கெட்டாரே, அது போதும்."

"போதாது. டாடி சொன்னாரில்ல? இடது கை வீட்ல இருக்கு. நான் கொண்டாரேன்."

"நான் வந்து வாங்கிக்கறேனே. ராயபுரம்தானே?"

"இல்ல. கொண்டாந்து குடுக்கறேன்னுதான் அவரு சொன்னாரு."

ராஜாத்தி தட்டில் வடை வைத்துக் கொடுத்தாள். கருகவில்லை. மெர்லின் இரண்டு தின்றாள். அப்பா உட்கார்ந்த படி எது என்று கேட்கவில்லை. இறங்கும்போது எல்லாப் படியும் ஒன்றுபோலத்தான் இருந்தன. கீழே வரைக்கும் அன்பரசன் கூடவே வந்தார்.

"எப்போ வருவீங்க?"

அவள் போனில் ஷிப்டு அட்டவணையைத் திறந்தாள். தொழிற்சாலையில் வருடாந்தரப் பராமரிப்பு தொடங்குகிறது. அது முடியும்வரை யாருக்கும் ஞாயிறு கிடையாது. இரவும் பகலும் மாறி மாறி வேலை. முடிகிற தேதியை இன்னும் யாரும் சொல்லவில்லை.

"வேல முடிஞ்சதும்" என்றாள்.

"அவரு நம்பருக்கே போன் பண்ணட்டா?" என்று கேட்டுவிட்டு அன்பரசன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பண்ணுங்க. நான் சார்ஜ் போட்டு வைக்கிறேன்."

பேருந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம், உள்ளே கூட்டமில்லை. மணி ஒன்று தாண்டியிருந்தது. வீட்டில் அடுப்பில் எதுவும் இல்லை. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, வேலைக் குறிப்புகள் எழுதுகிற பக்கத்தைப் போனில் திறந்து, முடியாத வேலைகளின் கீழே எழுதினாள்:

இடது கை. பொம்மையின் இடது. எர்ணாவூர், மூன்றாவது மாடி, அன்பரசன். இன்னும் போய்ச் சேரவில்லை.